ஜனவரி இருபது

எண்பது வயதிலும் எனக்கு நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன் ஜின் அம்மா, ஏனென்றால் போன வாரம் நீங்கள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே, தூக்கமெல்லாம் எப்படி வருகிறது என்பதுதான். என்னைப் போன்ற பழைய நீதிபதிகள் கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்துக் கிடப்பார்கள் என்று பழைய தீர்ப்புகளைக் கிளறிப் பார்க்கும் உங்கள் ஆணையத்தில் யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஏமாற்றியதற்கு மன்னியுங்கள். நான் குறட்டை விடுகிறவன். சந்தேகம் இருந்தால் என் மருமகளைக் கேளுங்கள், அவள் கண்ணீரோடு சாட்சி சொல்வாள்.

நீங்கள் மேசைமேல் வைத்த ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்ததும் எனக்கு இருமல் வந்துவிட்டது. அதனால்தான் பன்னிரண்டு கேள்விகளையும் விட்டுப் போங்கள், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுவது எனக்குப் பழகிய வேலை. மூன்று நீதிபதிகள் உட்காரும் அமர்வில் இளையவன்தான் தீர்ப்பை எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நடுவில் இருப்பவர் வாசிப்பார், வலப்பக்கத்தவர் தலையசைப்பார், இடப்பக்கத்தவன் எழுதுவான். ஹேபோ கிளை நீதிமன்றத்தில் நான் நான்கு வருடம் இடப்பக்கம் இருந்தேன். மீனவர் ஹாம் தோக்-சு வழக்கின் தீர்ப்பில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதை எழுதியவன் நான்.

உங்கள் ஏழாவது கேள்வி: வெளியிலிருந்து உங்களுக்கு அழுத்தம் வந்ததா. வந்தது என்று எழுதினால் உங்கள் அறிக்கைக்கு வசதியாக இருக்கும், எனக்கும் மரியாதை. ஆனால் என்னை யாரும் மிரட்டவில்லை. உளவு இலாகாவிலிருந்து பழுப்புக் கோட்டு போட்ட ஒருவர் தினமும் காலையில் எங்கள் அமர்வின் தலைமை நீதிபதி பாங் அவர்களின் அறைக்கு வருவார். முட்டையின் மஞ்சள் கரு மிதக்கும் காப்பியைக் குடிப்பார். "நீங்கல்லாம் படிச்சவங்க ஐயா, உங்களுக்கு நான் என்னத்தச் சொல்லப் போறேன். காப்பி இங்கதான் நல்லா இருக்கு, அதான் வந்தேன்" என்பார். போகும்போது அன்றைய வழக்குப் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்கள் ஊர்க் காப்பி மகா மட்டம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த நாட்களில் சியோலில் பெரிய கடைகள் திறந்து, பொருளுக்குப் பொருள் விலைச் சீட்டு ஒட்டத் தொடங்கியிருந்தார்கள். பேரம் கிடையாது. ஒற்றர் வழக்குகளுக்கு நாங்களும் விலைச் சீட்டு என்ற அந்தப் பெயரையே வைத்தோம். திருட்டு வழக்கில் அரசு வழக்கறிஞர் மூன்று வருடம் கேட்டால் நாங்கள் ஒன்றரை கொடுப்போம். ஒற்றர் வழக்கில் அவர் கேட்டது என்னவோ அதுதான் விலை. எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

ஹாம் தோக்-சுவின் கதை உங்களிடம் இருக்கிறது, இருந்தாலும் வரிசையாக எழுதுவது என் பழக்கம். அவருக்கு முப்பத்தாறு வயது. பனிமூட்டத்தில் எஞ்சின் நின்று படகு வடக்கே நகர்ந்துவிட்டது. வடகொரிய ரோந்துக்காரர்கள் பிடித்துப் பதினோரு மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்த ஒன்பது பேரையும் நாங்கள் விசாரித்தோம். எல்லைக் கோட்டைத் தாண்டிய குற்றத்துக்கு ஒரு வருடம், அதையும் நிறுத்தி வைத்து வீட்டுக்கு அனுப்பினோம். எல்லோரும் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் ஹாமை மட்டும் மறுபடி பிடித்தார்கள். இரண்டு மாதம் அவர் எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது அறுபது பக்க ஒப்புதல் வாக்குமூலத்தோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம்கூட முழுசாக உட்காராதவர். வாக்குமூலத்தில் இருந்த சில சொற்களுக்கு நானே அகராதி பார்க்க வேண்டியிருந்தது.

அறுபது பக்கத்திலும் குற்றம் என்று நிற்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அந்த வருடம் ஜனவரி பதினேழாம் தேதி காலை, ஊருக்குப் பின்னாலிருக்கும் குன்றில் ஏறி, கீழே கடற்படைத் துறையில் நின்ற ரோந்துப் படகுகளை எண்ணி, வடக்குக்குச் சொல்வதற்காக மனதில் வைத்துக்கொண்டார் என்பது. அது விழுந்தால் அவர் வீட்டுக்குப் போவார். அது நின்றால் ஒற்றர், பதினைந்து வருடம்.

இரண்டாவது விசாரணை நாளில் அவருக்கு நாங்கள் நியமித்திருந்த வழக்கறிஞர் எழுந்தார். கருணை காட்டும்படி வேண்டுகிறேன் என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பத்து வருடம் தொழில் செய்தவர் அவர். அன்று என்ன வந்ததோ, ஒரு நிஜமான கேள்வி கேட்டுவிட்டார். ஜனவரி பதினேழில் நீ எங்கே இருந்தாய் என்று.

"பஸ்ல இருந்தேன்யா. மலைப்பாதையில பனி மூடி பஸ் நின்னுபோச்சு. பதினாறு சாயங்காலத்துல இருந்து பதினெட்டு மத்தியானம் வரைக்கும் அங்கேயேதான் கெடந்தோம்."

கூட யார் இருந்தார்கள், பெயர் சொல் என்றார் வழக்கறிஞர்.

"முப்பது பேருக்கு மேல இருந்தாங்க."

"ஒருத்தர் பேராவது சொல்லுப்பா. கூப்ட்டுக் கேக்கலாம்."

ஹாம் எங்கள் மேடையைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் முழங்கால்மேல் குறிப்பேடு வைத்துக்கொண்டிருந்த பழுப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"என் மச்சான் பேரை அங்க சொன்னேன்யா. அவனைத் தூக்கிட்டுப் போயி ஒரு காது கேக்காமப் பண்ணி அனுப்பிட்டாங்க. இனிமே யார் பேரும் நான் சொல்றதா இல்ல. பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த ஆளுக்கு நான் யாருன்னு தெரியும். அவரா வந்து சொன்னா சொல்லட்டும்."

பெயர் சொல்லாத சாட்சி சாட்சியல்ல என்று பாங் அவர்கள் அன்றைய விசாரணையை முடித்தார். எழுத்தர் என்னைப் பார்த்து, கடைசி வாக்கியத்தைப் பதிவில் சேர்க்கவா என்று பேனாவால் கேட்டார். வழக்குக்குத் தொடர்பில்லாதது என்று நான் தலையசைத்தேன்.

இனி எழுதப்போவது உங்கள் பன்னிரண்டு கேள்விகளில் இல்லை. நீங்கள் கேட்க வழியும் இல்லை. அந்த ஆள் நான்தான்.

அந்த ஜனவரியில் பெண் பார்க்கச் சியோல் போயிருந்தேன். பெண் வீட்டார் என் காதுகள் பெரிதாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். காதைத் தொப்பியில் மறைத்துக்கொண்டு திரும்பும்போது பஸ் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளைக் கோலத்தில் போனதால் மெல்லிய தோல் ஷூ, பட்டு போன்ற காலுறை. இரண்டாம் நாள் காலை என் கால்விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல ஆகிவிட்டன. பக்கத்து இருக்கையில் இருந்தவர் மலைக்கு அந்தப் பக்கச் சந்தையில் கருவாடு விற்றுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஷூவைக் கழற்றி, சட்டையைத் தூக்கி, என் இரண்டு பாதங்களையும் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்தச் சில்லிப்பில் அவர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.

"தம்பி என்ன உத்தியோகம்?"

கோர்ட்டில் வேலை என்றேன்.

"ஐயய்ய, கோர்ட்டுக்காரர் காலையா புடிச்சிருக்கேன். இது தெரிஞ்சிருந்தா போன வருசமே புடிச்சிருப்பேனே" என்று சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. அவரை விசாரித்தவர்களில் நானும் ஒருவன் என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை. ஒன்பது பேர் வழக்கில் நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

விற்காமல் மிஞ்சிய கருவாட்டைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார். அந்த வேளையில் வேறு வேலையில்லை, பேசினோம். தன் அப்பாவின் நினைவு நாள் வருகிறது என்றார். வடக்கே இருந்ததால் முந்தைய வருடம் கும்பிட முடியாமல் போய்விட்டது. மகன் இல்லாத சமாதி மாதிரி புல் மண்டிக் கிடந்ததாம். இந்த வருடம் என்ன பனி பெய்தாலும் போயே தீருவேன் என்றார். நினைவு நாட்களைச் சந்திரக் கணக்கில்தான் வைப்போம் அல்லவா, அவருக்கு மாதமும் நாளும் தெரிந்தது, அது இங்கிலீஷ் தேதியில் எப்போது வருகிறது என்று தெரியவில்லை. என் சட்டைப்பையில் சட்டப் புத்தகக்காரர்கள் கொடுத்த குட்டி நாட்குறிப்பு இருந்தது. இரண்டு கணக்கும் அதில் அச்சாகியிருக்கும். நான் விரல் வைத்துப் பார்த்துச் சொன்னேன்: "ஜனவரி இருபது வருதுண்ணே. சனிக்கிழமை."

"இருபதா? அப்ப நேரமிருக்கு. காலையில தனியாத்தான் மலையேறணும். எங்க வீட்டுக்காரிக்குக் கால் ஆகாது" என்றார்.

அவர் அப்பாவின் சமாதி ஊருக்குப் பின்னாலிருக்கும் குன்றில் இருந்தது. இறந்தவர் கடலைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று மீனவர்கள் எல்லோரும் அங்கேதான் புதைப்பார்கள்.

முதல் விசாரணை நாளிலேயே அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உதடு சிரிக்கத் தொடங்கியது, பாதியில் நிறுத்திவிட்டார். அதன் பிறகு, பெயர் கேட்டபோது மேடையைப் பார்த்த அந்த ஒரு முறை தவிர, என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று பார்த்துக்கொண்டார் என்பது எனக்குப் புரிந்தது. மனதுக்குள் நன்றி சொன்னேன். உண்மையாகவே சொன்னேன்.

சட்டம் எனக்குத் தெரியும். வழக்கில் சாட்சியாக இருக்கக்கூடியவன் நீதிபதியாக உட்காரக் கூடாது. விலகி, கூண்டில் ஏறி, பதினேழாம் தேதி இந்த மனிதரின் வயிற்றில் என் கால் இருந்தது என்று சொல்ல வேண்டும். யோசித்தேன். நான் விலகினால் என் இடத்தில் இன்னொருவன் வந்து இதே தீர்ப்பை எழுதுவான், ஒருவேளை மோசமான எழுத்தில். என்னையும் பழுப்புக் கோட்டு கூட்டிக்கொண்டு போவார். ஏற்கெனவே என் காதுகள் ஒரு கல்யாணத்தைக் கெடுத்திருந்தன, அவற்றை மேலும் சோதிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதுவல்ல முக்கியக் காரணம். தன்னைக் குற்றமற்றவன் என்று நிச்சயமாக அறிந்த ஒரு ஆளாவது மேடையில் இருக்கிறான் என்பது ஹாமுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவருக்காகத்தான் நான் விலகவில்லை.

நேரில் அறிந்ததை வைத்து நீதிபதி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. அதையும் நான் மீறவில்லை. தீர்ப்பில் பஸ்ஸைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்த வாரம் அரசு வழக்கறிஞர் ரியூவோடு மதியம் பக்வீட் நூடுல்ஸ் சாப்பிடப் போனேன். பக்வீட் என்பது எங்கள் மலைப்பகுதித் தானியம், மாவு கறுப்பாக இருக்கும். ரியூ என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஒரே கல்லூரி. நல்ல மனிதர், வயதான தாயாரைக் கூடவே வைத்திருந்தார். நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே, அந்த வழக்கறிஞர் பஸ் கம்பெனிக்குக் கடிதம் போடப்போவதாகச் சொல்லித் திரிகிறான், விளையாட்டுக்கா நிஜமாகவா தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டார். போட்டால் மேல்நீதிமன்றத்தில் நம் எல்லோருக்கும் தலைகுனிவு என்றார்.

பதினேழாம் தேதி மலைப்பாதை மூடித்தான் இருந்தது என்றேன்.

"உனக்கெப்படிப்பா தெரியும்?"

நானும் அந்தப் பக்கம் போயிருந்தேன் என்றேன். இந்த இடம் வரை ஹாமுக்கு உதவுவதாகவே நினைத்தேன். அந்தக் குற்றச்சாட்டை ரியூ கைவிடுவார் என்ற எண்ணம் எனக்கு இருந்தது என்று எழுதிவிட்டு இங்கேயே நிறுத்திவிடலாம். யாரும் மறுக்க முடியாது. ரியூ இறந்து இருபது வருடமாகிறது. ஆனால் அவர் உணவுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. "இதை இலாகாவுல போயி எந்த வாயால சொல்றது" என்றார். தாயாரைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு இளகிய மனது, அம்மா. ஒருவர் என் எதிரே அப்படி உட்கார்ந்திருந்தால் என்னால் சாப்பிட முடியாது.

நாட்குறிப்பை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

"இருபதாம் தேதி காலையில அவர் அந்த மலை மேலதாண்ணே இருந்தார். தனியா. அப்பா சமாதி அங்க இருக்கு. ஊர்ல யாரை வேணாக் கேளுங்க."

ரியூ நாட்குறிப்பைத் தன் பக்கம் இழுத்து அந்தத் தேதியைப் பார்த்தார். பிறகு என் கிண்ணத்தில் தன் இறைச்சித் துண்டை எடுத்து வைத்தார். "நீ தீர்ப்பு எழுதவேண்டியவன் மட்டும் இல்லடா, எங்க பக்கம் இருக்கவேண்டியவன்" என்றார். அந்தப் பாராட்டு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த விசாரணை நாளில் குற்றப்பத்திரிகையில் பதினேழு இருபதாகத் திருத்தப்பட்டது. எதிர்ப்பு உண்டா என்று பாங் கேட்டார். வழக்கறிஞர் இல்லை என்றார். பஸ் கம்பெனிக்குப் போக வேண்டிய கடிதம் அதோடு தேவையில்லாமல் போயிற்று. ஹாம் திருத்தத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அப்போது என்னைப் பார்ப்பார் என்று நினைத்துத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பார்க்கவில்லை என்று எழுத்தர் பிற்பாடு சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார்.

இருபதாம் தேதிக்குச் சாட்சி தேவைப்பட்டது. மனைவியின் வாக்கை ஏற்க முடியாது, மச்சானுக்குக் கேட்ட கேள்வி சரியாகக் காதில் விழவில்லை. ஒன்பது வயது மகள் யங்-ரானைக் கூப்பிட்டார்கள். ரியூ நன்றாகவே நடத்தினார். மிட்டாய் கொடுத்தார், மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தார்.

"அன்னிக்கு அப்பா எங்க போனாங்க கண்ணு?"

"தாத்தாவுக்குக் கும்பிட."

"மலைக்கா? கூட யாரு போனா?"

"யாரும் போகல. அம்மாவுக்குக் கால் வலி."

"நீ போயிருக்கியா? அங்கிருந்து பாத்தா என்னெல்லாம் தெரியும்?"

"கடல் தெரியும். கப்பலெல்லாம் தெரியும். எண்ணலாம்" என்றாள். அப்பா முன்னால் கெட்டிக்காரியாகப் பதில் சொன்ன பெருமை அவள் முகத்தில் இருந்தது. ஹாம் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சரியாகச் சொன்னாய் என்பது போல.

குழந்தை பொய் சொல்லாது என்றார் பாங். சொல்லவும் இல்லை.

மூன்று நீதிபதிகள் கலந்து பேசியதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் பேசவே இல்லை என்பதால் சொல்வதில் தவறில்லை. பாங் ஒரு சிகரெட் பற்றவைத்தார், அது முடிந்தது. வழக்கமான விலைதானே என்றார். வலப்பக்கத்தவர் தலையசைத்தார். அன்று மாலையே எழுதி முடித்தேன். "சமாதி வழிபாடு என்பது வேவு பார்க்க வந்தவனுக்கு வாய்த்த வசதியான போர்வை" என்று ஒரு வரி வரும். மேல்நீதிமன்றம் அந்த வரியைத் தன் தீர்ப்பில் அப்படியே எடுத்தாண்டது. அந்த வரி என்னுடையது.

ஹாம் தோக்-சு ஏழாவது குளிர்காலத்தில் சிறையில் இறந்தார். நுரையீரல் என்று எழுதியிருந்தார்கள். சிறை அறைகளில் தரையைச் சூடாக்கும் ஏற்பாடு அப்போது கிடையாது.

போன வாரம் நீங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது. புதிதாக ஓர் ஆதாரம் இல்லாமல் மறுவிசாரணை கிடைக்காது, ஹாமை அடித்தவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்றீர்கள். யங்-ரான் ஐம்பது வருடமாக, 'நான்தான் எங்கப்பாவைக் காட்டிக் குடுத்தேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், மறுவிசாரணை மனுவில் கையெழுத்துப் போடவே அவள் கை வரவில்லை என்றும் சொன்னீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு எனக்குக் கண்ணில் நீர் வந்தது. மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், ஆனாலும் அது வெங்காயத்தால் இல்லை.

அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். எழுதியதும் மனம் லேசாகிவிட்டது. மொத்தம் பதினான்கு தாள். வாக்குமூலத்தின் தாளும் தாளும் சேரும் இடத்தில், பாதி இதிலும் பாதி அதிலும் விழும்படி பெயர் முத்திரை குத்த வேண்டும், கடைசியில் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் காகிதம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பழுப்புக் கோட்டு, காப்பி, விலைச் சீட்டு, பெயர் சொல்ல மறுத்தது வரை முதல் ஐந்து தாள்களுக்கும் ஒழுங்காக முத்திரை குத்தி, ஐந்தாம் தாளின் அடியில் ப்யோ இன்-ஹ்வான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆறாம் தாளிலிருந்து, அதாவது நான் இருந்த பஸ்ஸிலிருந்து, முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. யங்-ரானுக்கு இப்போது ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ வயது. பழகிய பாரம் ஒன்றை இத்தனை வருடம் தூக்கி வந்தவளிடம், இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. அவள் நன்மையை உத்தேசித்துத்தான் இந்த முடிவு.